டெரன்ஸ் டேவிஸ் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் இயக்குநர் டெரன்ஸ் டேவிஸின் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு “கதை நகரவே இல்லையே” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் தொடங்கக்கூடாத படத்தில் தொடங்கியவர்கள். மற்றவர்கள் சரியான படத்தையே கண்ணால் மட்டும் பார்த்தவர்கள். இந்த இயக்குநரிடம் காதுதான் முதலில் வேலை செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு விஷயத்தை வைத்து அமைத்தது.

கடைசிவரை வந்தால் இவருடைய எந்தக் காட்சியைப் பார்த்தாலும், அதற்கு முந்தைய காட்சியோடு அது ஏன் ஒட்டியிருக்கிறது என்று நீங்களே சொல்ல முடியும். இலக்கு அவ்வளவுதான்.

1. உட்காரும் முன் செய்ய வேண்டியவை

நல்ல ஹெட்ஃபோன் அல்லது ஓரளவு நல்ல ஸ்பீக்கர் வேண்டும். இவருடைய படங்களில் மழைச் சத்தம், வானொலி, பக்கத்து அறைப் பேச்சு, தூரத்துப் பாட்டு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த அடுக்குகள் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும்.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பவர்களுக்கும் லிவர்பூல் உச்சரிப்பு முதல் அரை மணி நேரம் பிடிபடாது. பாட்டு வரிகளையும் சேர்த்துக் காட்டும் சப்டைட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். பல காட்சிகளில் வசனம் சொல்லாத செய்தி பாட்டு வரியில்தான் இருக்கும்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ‘விவிட்’ பட முறையையும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். முதலில் பார்க்கப்போகும் படத்தின் வெளிறிய பழுப்பு நிறம் வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளியை நீக்காமல் விட்டுவிடும் ‘ப்ளீச் பைபாஸ்’ முறை அது. அதன்மேல் நம் டிவி நிறத்தைக் கூட்டினால் சுவர், கோட்டு, முகம் எல்லாம் சேறாகிவிடும். ஸ்மூத்திங் ஓடினாலோ மெல்ல நகரும் ஷாட்கள் சீரியல் போலத் தெரியும். மீட்டெடுக்கப்பட்ட பிரதி கிடைத்தால் பழைய பிரதியைத் தொடவே வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எதற்கு என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

வேகத்தை 1.25 ஆக வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் அந்த ஷாட்டின் உள்ளடக்கம்தான்.

2. வாழ்க்கைக் குறிப்பு: இவ்வளவு போதும்

முன்கூட்டியே நிறையப் படித்துவிட்டு வருபவர்களும் தடுமாறுகிறார்கள். படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, படித்தது எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்.

டேவிஸ் 1945-இல் லிவர்பூலின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தொழிலாளர் வர்க்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பத்துப் பிள்ளைகளில் கடைசி. பிழைத்தவர்கள் ஏழு பேர். அப்பா வீட்டில் எல்லோரையும் அடித்தவர். டெரன்ஸுக்கு ஆறேழு வயதிருக்கும்போது புற்றுநோயில் இறந்துபோனார். அதன்பின் சில வருடங்கள் வீடு நிம்மதியாக இருந்தது. பள்ளியை விட்டபின் டேவிஸ் பல ஆண்டுகள் அலுவலகங்களில் எழுத்தராக வேலை பார்த்தார். தன்பாலீர்ப்பும் கத்தோலிக்க நம்பிக்கையும் அவருக்குள் மோதின. இருபதுகளில் நம்பிக்கையை விட்டார். 1971-இல் கவன்ட்ரி நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 2023 அக்டோபரில் காலமானார்.

இதில் ‘அப்பா’, ‘அதன்பின் வந்த நிம்மதி’ என்ற இரண்டு மட்டும் நினைவில் இருந்தால் போதும். மற்றவை தானாக வரும்.

3. முதல் படத்தின் முதல் சில நிமிடங்களை இரண்டு முறை பாருங்கள்

தொடங்க வேண்டிய படம் ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ (1988). ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. காலவரிசைப்படி 1976-இல் வந்த முதல் குறும்படத்திலிருந்து போகலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தக் குறும்படங்களின் இறுக்கம் வேறு வகை. அங்கே தொடங்கியவர்கள் பலர் இரண்டாவது படத்துக்கு வருவதே இல்லை.

முதலில் தொடக்கக் காட்சியை மட்டும் பாருங்கள். இடி, மழை. வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. அம்மா கதவைத் திறந்து வாசலில் இருக்கும் பால் புட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். கேமரா வீட்டுக்குள் வந்து மாடிப்படிக்கு எதிரே நிற்கிறது. அம்மா பிள்ளைகளை எழுப்புகிறாள். அவர்கள் படி இறங்கி வரும் காலடிச் சத்தம் கேட்கிறது, காலை வணக்கம் சொல்லும் குரல்கள் கேட்கின்றன. படியில் ஒருவரும் இல்லை.

அப்புறம் ஒரு பாட்டு. கேமரா மெல்லத் திரும்பி, நாம் நுழைந்த வாசல் கதவைப் பார்க்கிறது. காட்சி கரைகிறது. அதே கதவு திறந்திருக்கிறது, வெளியே சவ வண்டி வந்து நிற்கிறது. அதன்பின் குடும்பம் கறுப்பு உடையில், போட்டோவுக்கு நிற்பதுபோல் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது. சற்று நேரத்தில் அதே மாதிரி நிற்கும் குடும்பம் கல்யாணத்துக்கு உடுத்தியிருக்கிறது.

இங்கே நிறுத்துங்கள். திரும்ப ஓட்டி, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் செய்யாமல் தாண்டாதீர்கள். கண்ணை மூடும்போதுதான் வீடு நிரம்பியிருப்பது தெரியும். கண்ணைத் திறந்தால் அது காலியாக இருக்கிறது. ஒலியில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், படத்தில் போய்விட்டார்கள். இந்த இடைவெளி பிடிபட்டால் மீதிப் படத்தில் தொலைந்துபோக மாட்டீர்கள்.

புதியவர்கள் இங்கே வழக்கமாகக் கேட்பது, “படியில் ஆளே இல்லையே, பேயா?” என்று. அப்படிக் கேட்பவர்கள் சரியான இடத்தைத்தான் கவனித்திருக்கிறார்கள். அசட்டையாகத் தாண்டிப் போனவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

4. முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பாருங்கள், காலவரிசை போடாதீர்கள்

எந்தக் காட்சி எந்த வருடம், அப்பா இப்போது உயிரோடு இருக்கிறாரா, இது மகள் ஐலீனின் கல்யாணமா இன்னொரு மகள் மெய்ஸியின் கல்யாணமா என்று கணக்குப் போடத் தொடங்கினால் இருபதாவது நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள். படம் தேதிப்படி அடுக்கப்படவில்லை. ஓர் உணர்வு இன்னொரு நாளை இழுத்துவருகிறது. அந்த நாளில் கேட்ட பாட்டு வேறொரு நாளை இழுத்துவருகிறது. ஆகவே ‘இது எப்போது?’ என்று கேட்காமல் ‘இதை எது கூப்பிட்டது?’ என்று கேளுங்கள்.

பீட் பாஸ்டில்த்வைட் நடித்த அப்பாவை வைத்துச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தூங்கும் பிள்ளைகளின் கட்டிலருகே மெதுவாக வந்து பரிசுப் பையை வைத்துவிட்டுப் போகிறார். அடுத்து சாப்பாட்டு மேசை. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் தரையில் தள்ளுகிறார். மனைவியைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறார். காரணம் சொல்லப்படுவதில்லை. காரணம் எங்கேயோ தவறவிட்டுவிட்டோம் என்று ரீவைண்ட் செய்பவர்கள் உண்டு. தவறவிடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் காரணம் தெரியாது. தெரியாததைப் படம் நமக்கு மட்டும் எப்படிச் சொல்லும்?

இன்னொரு இடம். அம்மா ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் விழுந்துவிடக்கூடாதே என்ற பிள்ளையின் பயம் குரலாகக் கேட்கிறது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் காதல் பாட்டு ஓடுகிறது. ஏன் அவரைக் கட்டிக்கொண்டாய் என்ற கேள்விக்கு, அவர் நல்லவராக இருந்தார், நன்றாக நடனமாடுவார் என்கிறாள் அம்மா. அடுத்த காட்சியில் அவர் அவளை அடிக்கிறார். பாட்டு நிற்கவில்லை. அடுத்ததில், காயம்பட்ட முகத்தோடு அவள் மரச்சாமானைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு அதே இனிமையோடு முடிகிறது.

இதைக் ‘கிண்டல்’ என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. இனிய பாட்டின் கீழ் கொடுமையை வைத்துக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பாட்டு அம்மாவுக்கு உண்மை. அவள் ஒரு காலத்தில் நம்பியது அதைத்தான். அடியும் உண்மை. இரண்டையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள விடாமல் ஒரே நேரத்தில் வைத்திருப்பதுதான் டேவிஸின் பாணி. இந்தக் காட்சிக்காக இன்னொரு முறை இந்தப் படத்துக்குத் திரும்பி வாருங்கள்.

ஒரு தகவல்: படத்தின் இரண்டு பகுதிகளும் இரண்டு வருட இடைவெளியில், பெரும்பாலும் அதே நடிகர்களோடு ஆனால் வேறு தொழில்நுட்பக் குழுவோடு எடுக்கப்பட்டவை. இரண்டாம் பகுதியில் காற்று கொஞ்சம் மாறியிருப்பதாகத் தோன்றினால் நீங்கள் சரியாகத்தான் பார்க்கிறீர்கள்.

5. பாட்டுக் கணக்கு எழுதுங்கள்

இரண்டாவது முறை பார்க்கும்போது நோட்டுப் புத்தகத்தில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்தி பிரியுங்கள்: யார் பாடுகிறார், யார் கேட்கிறார், பாட்டுக்கு முன் என்ன நடந்தது, பாட்டு எங்கே அறுபடுகிறது.

நமக்குப் பாட்டுக் காட்சி புதிதில்லை. அதனாலேயே ஒரு சிக்கல் வருகிறது. பாட்டு வந்தால் கதை சற்று நிற்கும், கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று உடம்பே பழகியிருக்கிறது. டேவிஸிடம் பாட்டில்தான் கதை இருக்கிறது; பாட்டும் பாட்டும் சேரும் இடைவெளியில்தான் ஓய்வு.

பப்பில், அதாவது அக்கம்பக்கத்தார் கூடும் மதுக்கூடத்தில், பெண்கள் ஒவ்வொருவராகப் பாடுகிறார்கள். பின்னணிக் குரலோ வாத்தியமோ கிடையாது. தொண்டையில் வருவதைப் பாடுகிறார்கள். தன் புருஷனைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாதவள் ஒரு பழைய ஹிட் பாடலின் வரியை எடுத்துக்கொள்கிறாள். எல்லோருக்கும் புரிகிறது, ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷனின் முகத்தையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

குண்டுவீச்சின்போது பதுங்கிடத்தில் நடப்பதை நான்கு பத்தியிலும் முழுதாக நிரப்பிப் பாருங்கள். பிள்ளைகள் தாமதமாக ஓடிவருகிறார்கள். அப்பா சின்னப் பெண் ஐலீனை அறைகிறார். உடனே பாடு என்கிறார். அவள் நடுங்கும் குரலில் ஒரு குதூகலப் பாட்டைத் தொடங்குகிறாள்; சுற்றி இருப்பவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். யாருக்காகப் பாடுகிறாள்? அப்பாவுக்காகவா, பயந்திருக்கும் கூட்டத்துக்காகவா, தன் பயத்தை மறைக்கவா? ‘யார் கேட்கிறார்’ என்ற பத்தியில் ஒரு பெயர் மட்டும் எழுதினால் போதாது என்று அப்போது தெரியும்.

கணக்கு முடிந்ததும் அறுபடும் இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாட்டு முழுதாக முடிய விடப்படும் காட்சி எது, பாதியில் வெட்டப்படும் காட்சி எது என்று பிரித்தால் படத்தின் அமைப்பு கையில் வந்துவிடும். கதைச்சுருக்கம் எழுதுவதைவிட இது பயன்படும்.

6. அடுத்து ‘தி லாங் டே க்ளோசஸ்’: கம்பளத்தில் அவசரப்படாதீர்கள்

1992-இல் வந்த இந்தப் படத்தை முதல் படத்துக்குப் பின் ஒரு வாரமாவது இடைவெளி விட்டுப் பாருங்கள். தொடர்ந்து பார்த்தால் இரண்டு அம்மாக்களும் குழம்பிவிடுவார்கள். இதில் மையம் பட் என்ற பதினொரு வயதுப் பையன். அப்பா இல்லை. 1955, 56 காலத்து லிவர்பூல் வீடு, அண்ணன்மார், அக்கா, சினிமா, தேவாலயம், பள்ளிக்கூடம்.

படத்தின் நடுவில் தரைக் கம்பளம் ஒன்று வருகிறது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுகிறது, மேகம் மறைக்கும்போது மங்குகிறது, திரும்ப வருகிறது. வேறொன்றும் நடப்பதில்லை. ஷாட் நிற்கிறது. அறையில் இருப்பவர்கள் மொபைலை எடுக்கும் நேரம் இதுதான். நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

மழை நாளில் வெளியே போக வழியில்லாத பையன் எதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? அதையேதான் நாமும் பார்க்கிறோம். அது குறியீடு இல்லை. கம்பளம் எதைக் குறிக்கிறது என்று தேடினால் கம்பளம் போய்விடும். கம்பளத்தின் பூ வேலையையும் வெளிச்சம் ஏறும் திசையையும் மட்டும் பாருங்கள்.

அடுத்த முக்கியமான இடம் ‘டாமி’ என்ற பாட்டோடு வரும் தொடர்ச்சி. டெபி ரெனால்ட்ஸ் பாடியது. பட் ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தனியாக ஊசலாடுகிறான். கேமரா மேலிருந்து நேர்கீழாகப் பார்த்தபடி நகர்கிறது. அவனைத் தாண்டி, புகையும் ப்ரொஜெக்டர் வெளிச்சமும் நிறைந்த திரையரங்கம், அதைத் தாண்டி முழந்தாளிட்டவர்கள் நிறைந்த தேவாலயம், அப்புறம் வகுப்பறை. வரிசை வரிசையாகத் தலைகள். மூன்று இடங்களும் ஒரே மாதிரி உட்காரவைக்கப்பட்ட கூட்டமாகத் தெரிகின்றன. இந்தப் பையனின் உலகம் முழுவதும் ஒரே பாட்டின் நேரத்துக்குள் வந்துபோகிறது.

காலக்கணக்குப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: ‘டாமி’ 1957-இல் வந்த பாட்டு. படம் நடக்கும் வருடங்களுக்குப் பிந்தையது. நான்காவது படியில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பட்டின் தன்பாலீர்ப்பு பற்றிப் படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஜன்னலிலிருந்து, சட்டையில்லாமல் வேலைசெய்யும் கொத்தனார் ஒருவரைப் பார்க்கிறான். அவர் கண்ணடிக்கிறார். பையன் முகம் மாறுகிறது. அவ்வளவுதான். அதன்பின் தேவாலயக் காட்சிகளில் அவன் முகத்தைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

7. இரண்டு படங்களையும் பக்கத்தில் வையுங்கள்

புதிதாக எதையும் பார்க்காமல் யோசிக்க வேண்டிய படி இது. அதனால் தவிர்த்துவிடுவார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: முதல் படத்தில் டெரன்ஸ் எங்கே?

அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள்தான். கடைக்குட்டி இல்லை. அவர் வளரும்போது அம்மா, அக்காக்கள், அண்ணன்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கதைகள்தான் அந்தப் படம். பெரும்பாலும் காதால் வந்த நினைவு. காலிப் படியில் குரல்கள் மட்டும் கேட்பதற்கு இப்போது இன்னொரு அர்த்தம் வருகிறது, இல்லையா? இரண்டாவது படத்தில் அவரே இருக்கிறார். அது கண்ணால் பார்த்த நினைவு. ஆகவே கம்பளம், ஜன்னல், மழைத்துளி.

ஒன்றில் அப்பா எல்லா இடத்திலும் இருக்கிறார், இறந்தபிறகும். மற்றதில் எங்கேயும் இல்லை. ஆனாலும் இரண்டாவது படம் முழுக்க மகிழ்ச்சியான படம் என்று சொல்லிவிட முடியாது. பள்ளியில் அடி விழுகிறது, தேவாலயத்தில் குற்றவுணர்வு, வாசலில் தனிமை. அப்பா போனபின்னும் அடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

8. இப்போது முத்தொடருக்குப் போகலாம்

‘சில்ட்ரன்’ (1976), ‘மடோனா அண்ட் சைல்ட்’ (1980), ‘டெத் அண்ட் ட்ரான்ஸ்ஃபிகரேஷன்’ (1983). மூன்றும் கறுப்பு வெள்ளை. ராபர்ட் டக்கர் என்ற ஒரே மனிதன் பையனாக, நடுவயது எழுத்தனாக, மருத்துவமனையில் சாகக் கிடக்கும் கிழவனாக வருகிறான். மூன்றையும் ஒரே மாலையில் பார்க்கலாம். ஆனால் மனச்சோர்வான நாளில் வேண்டாம். இவருடைய படங்களில் ஆறுதல் மிகக் குறைவானவை இவைதான்.

கவனிக்க வேண்டியது ‘சில்ட்ரன்’ படத்தின் பேருந்துக் காட்சி. அம்மாவும் பையனும் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா உடைந்து அழுகிறாள். கேமரா வெட்டாமல் நிற்கிறது. பையன் ஒன்றும் செய்வதில்லை. பின்னால் கம்பளத்தின் மேல் நிற்கப்போகும் அதே பொறுமை இங்கே வலியின்மேல் நிற்கிறது. முதலிலேயே இதைப் பார்த்தவர்களுக்குப் பொறுமை தெரியும். எதற்கு என்று தெரியாது. அதனால்தான் எட்டாவது படி.

9. ‘ஆஃப் டைம் அண்ட் தி சிட்டி’

2008-இல் லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த ஆண்டில் வந்த ஆவணப்படம். பழைய செய்திப்படங்களை வெட்டி ஒட்டி, தன் குரலிலேயே பேசுகிறார். ஏற்ற இறக்கத்தோடு, கொஞ்சம் நாடகத்தனமாக, நிறையக் கோபத்தோடு. அரச குடும்பத்தைக் கேலி செய்கிறார். சொந்த ஊரின் பீட்டில்ஸையும் விடவில்லை.

இங்கே செய்ய வேண்டிய பயிற்சி: பழைய வரிசை வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும் பகுதியைத் தேடி எடுங்கள். பெக்கி லீ பாடும், மலைமேல் வீடு கட்டி இருவர் ஒன்றாக முதுமை அடைவதைப் பற்றிய பாட்டு அங்கே வருகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெறும் நகராட்சிச் செய்திப்படம். சத்தத்தோடு பாருங்கள். அவரே எடுக்காத காட்சிகளை அவருடைய படமாக மாற்றுவது எது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

10. தழுவல்களை ‘மூலத்துக்கு நியாயம் செய்தாரா’ என்று அளக்காதீர்கள்

‘தி ஹவுஸ் ஆஃப் மெர்த்’ (2000) எடித் வார்ட்டனின் நாவல். பணக்கார நியூயார்க்கில் ஒரு பெண் படிப்படியாக விழுவது. நாயகி லில்லி பார்ட்டாக கில்லியன் ஆண்டர்சன். நியூயார்க் என்று காட்டப்படுவது பெரும்பாலும் கிளாஸ்கோ. கதைத் தெளிவு வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பருக்கு முதலில் காட்ட ஏற்றது இதுதான். மூன்றாவது படிக்கு நான் தரும் ஒரே விதிவிலக்கு.

அதில் ஒரு நகர்வு. கோடைக்காக மூடிய மாளிகை. சாமான்கள்மேல் வெள்ளைத் துணி. கேமரா அறை அறையாகப் போய், மழை பெய்யும் தோட்டத்துக்கு வந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் செல்கிறது. அந்தத் தண்ணீர் வெயிலில் மின்னும் மத்தியதரைக் கடலாகிறது. கூடவே மொசார்ட். “அப்புறம் அவள் ஐரோப்பா போனாள்” என்று ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியது. இதைப் பார்த்ததும் கம்பளமும் மாடிப்படியும் நினைவுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

இந்தப் படத்துக்குப் பின் எட்டு ஆண்டுகள் முழுநீளப் படம் எதுவும் இல்லை. பணம் கிடைக்கவில்லை. ‘சன்செட் சாங்’ அப்போதே எடுக்க நினைத்தது, 2015-இல்தான் வந்தது.

‘தி டீப் ப்ளூ சீ’ (2011) டெரன்ஸ் ராட்டிகனின் நாடகம். ரேச்சல் வைஸ், டாம் ஹிடில்ஸ்டன், சைமன் ரஸல் பீல். தொடக்கத்தில் சாமுவேல் பார்பரின் வயலின் கான்செர்ட்டோ நீண்ட நேரம் ஓடுகிறது, வசனம் மிகக் குறைவு. நாடகத்தை நம்பி வந்தவர்கள் திகைப்பார்கள்; ஐந்தாவது படியைச் செய்தவர்களுக்கு வீடு திரும்பியதுபோல் இருக்கும். போர்க்காலத்தில் சுரங்க ரயில் நிலையத்தில் மக்கள் தங்கியிருக்கும் நினைவுக்காட்சியில் கேமரா நடைமேடை நெடுகப் போகிறது, எல்லோரும் பாடுகிறார்கள். ஐலீன் பாடிய பதுங்கிடத்தை இதனோடு ஒப்பிட்டு எழுதிப் பாருங்கள். அங்கே பாட்டு கட்டளை, இங்கே துணை.

‘சன்செட் சாங்’கில் ஸ்காட்லாந்து வயல்வெளிகள் 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. ஆகவே கிடைப்பதில் பெரிய திரையில் பாருங்கள். பீட்டர் முல்லன் நடித்த அப்பாவை எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கும். ‘தி நியான் பைபிள்’ (1995) கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். தன் பாணியையே அவர் சற்று இறுக்கமாகத் திரும்பச் செய்வதாக எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு.

11. கவிஞர்கள் இருவர்

‘எ கொயட் பாஷன்’ (2016) எமிலி டிக்கின்சனைப் பற்றியது, ‘பெனடிக்ஷன்’ (2021) முதல் உலகப்போர்க் கவிஞர் சீக்ஃப்ரீட் சஸ்ஸூனைப் பற்றியது. இரண்டிலும் முதல் அரை மணி நேரம் ஆச்சரியமாக இருக்கும்: ஆட்கள் ஓயாமல் பேசுகிறார்கள், வாய்ச்சவடால், குத்தல், சிரிப்பு. “இது டேவிஸ்தானா?” என்று கேட்பார்கள். அவர் எப்போதும் நகைச்சுவைக்காரர்தான். இங்கே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்.

‘எ கொயட் பாஷ’னில் குடும்பத்தார் ஒவ்வொருவராகப் போட்டோ எடுக்க உட்காருகிறார்கள். கேமரா மெல்ல நெருங்குகிறது. இளம் முகம் கண்ணெதிரே முதிர்ந்த முகமாகிறது. 1988-இல் அசையாமல் போட்டோவுக்கு நின்ற குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் கேமரா அந்தக் கூடத்தை முழு வட்டமாகச் சுற்றி எமிலியிடமே திரும்பும் ஷாட்டையும் விடாதீர்கள். சுற்றிவரும் நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் அவளுடைய மிச்ச வாழ்க்கை ஏற்கெனவே தெரிந்துவிடும்.

12. எழுத உட்காரும்போது

‘நாஸ்டால்ஜியா’ என்று எழுதிவிட்டு நிறுத்துவதுதான் முதல் பிழை. அடி விழுந்த வீட்டுக்கு யாரும் ஏங்குவதில்லை. அந்தச் சொல் வந்தால் அடுத்த வரியில் எதற்கான ஏக்கம், எதன்மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் சொல்லை எடுத்துவிடுங்கள்.

‘யதார்த்த சினிமா’ என்பது இரண்டாவது. தொழிலாளர் வீடு, பப், குழந்தைகள் என்றதும் பேனா தானாக அங்கே போகும். ஆனால் எதிரே நேராக நிற்கும் குடும்பம், மேலிருந்து பார்க்கும் கேமரா, அழுகைமேல் ஓடும் ஹாலிவுட் பாட்டு எல்லாம் யதார்த்தத்தைவிட இசைநாடகத்துக்கு நெருக்கம். டேவிஸ் சின்ன வயதில் ஹாலிவுட் இசைப் படங்களில் ஊறியவர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் சுயசரிதையாக்கிவிடுவது. லில்லி பார்ட்டும் எமிலியும் மாறுவேடத்தில் வந்த டெரன்ஸ் என்று எழுதுவது சுலபம். அதற்குப் பதில் அவர்கள் எந்த அறையில், எந்த வெளிச்சத்தில், எந்த இசையின் கீழ் தனியாக விடப்படுகிறார்கள் என்று எழுதுங்கள்.

முதல் கட்டுரைக்கு முழுப் படத்தை எடுக்காதீர்கள். ஒரு காட்சி இன்னொரு காட்சியாகக் கரையும் ஓர் இடத்தை மட்டும் எடுங்கள். முந்தைய காட்சியின் கடைசிச் சத்தம், அடுத்த காட்சியின் முதல் சத்தம், இடையில் என்ன பாட்டு, கேமரா எந்தப் பக்கம் நகர்கிறது என்ற நான்கையும் முதலில் எழுதிவிட்டு, கருத்தை அதற்குப் பின் எழுதுங்கள். எந்த இடம் என்று தெரியவில்லை என்றால் ஜன்னல் துடைக்கும் அம்மாவிலிருந்து தொடங்குங்கள். முந்நூறு வார்த்தைக்கு அதில் விஷயம் இருக்கிறது.